கைகள் சக்கரத்தில், மனம் எங்கே?

2018 ஏப்ரல் 26 அன்று காலை, உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ஓர் ஆளில்லா லெவல் கிராசிங்கைக் கடந்த பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதியது. 13 குழந்தைகள் மாண்டனர். எச்சரிக்கை செய்வதற்காக அங்கே நிறுத்தப்பட்டிருந்தவர் வேனைத் தடுக்க முயன்றதாகவும், ஓட்டுநரின் காதில் இயர்போன் இருந்ததாகவும் அப்போது செய்திகள் கூறின. அகலப்பாதைகளில் இருந்த அத்தகைய கிராசிங்குகளை 2019 ஜனவரிக்குள் ரயில்வே துறை ஒழித்துவிட்டது. காதில் இருப்பதை ஒழிப்பது ரயில்வேயால் ஆகக்கூடியதன்று.

இத்தகைய விபத்துகளில் வண்டி ஓட்டியவர் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். எனவே, ‘அறிந்து செய்வதுதான் பாவம், இது விதி’ என்று உலகம் ஆறுதல் தேடுகிறது. இந்த வாதத்தில் ஒரு பிழை உண்டு. மோதிய கணத்தில் அவர் எதையும் அறியவில்லை என்பது மெய்யே. ஆனால் அதற்குச் சற்று முன், மணி ஒலித்து, போனை எடுக்கலாமா வேண்டாமா என்று மனம் தயங்கிய கணம் ஒன்று இருந்தது. அப்போது அவர் அறிந்தேதான் தேர்ந்தெடுத்தார். அதே போல் பேசிக்கொண்டு ஓட்டி, பத்திரமாக வீடு சேர்ந்து, உண்டு உறங்கியவரும் அதையேதான் தேர்ந்தெடுத்தார். இருவரையும் வேறுபடுத்துவது குறுக்கே யார் வந்தார் என்பது மட்டுமே.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. எவருக்கும் காயம் படாவிட்டாலும் அது குற்றமே. முதல்முறை அபராதம் மட்டும் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. எனினும் சட்டத்தின் கண்ணுக்குக் கை தெரிகிறது, மனம் தெரிவதில்லை.

மனம் அணு அளவினது, ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு அறிவுகள் அதில் தோன்றா என்பது நியாய தரிசனத்தின் கொள்கை. மனம் என்று ஒன்று இருப்பதற்கே இதைத்தான் அத்தரிசனம் அடையாளமாகக் காட்டுகிறது. கனடாவின் டொரான்டோவில் ரெடல்மையர், திப்ஷிரானி ஆகியோர் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வு, போனில் பேசும் வேளையில் மோதல் அபாயம் சுமார் 4 மடங்காவதைக் கண்டது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி அதைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கை சக்கரத்தில்தான் இருந்தது. கண்ணும் திறந்துதான் இருந்தது. கண்ணின் பின்னே இருக்க வேண்டிய மனமோ மறுமுனைக்குச் சென்றுவிட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, அது திரும்பி வரும்வரை நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடந்துகொண்டிருக்கிறது.

மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தில் சனத்சுஜாதர் திருதராஷ்டிரருக்கு மரணத்தைப் பற்றி உபதேசிக்கிறார். ‘பிரமாதம்’தான் மரணம் என்பது அவர் முடிவு. விழிப்பின்மையைக் குறிக்கும் இந்த வடசொல் தமிழில் பாராட்டாக மாறிப்போனது வேடிக்கைதான்! அவர் கருதியது ஆன்மிக மறதியை. சாலையிலோ அந்தச் சொல் அப்படியே நேர்ப்பொருளில் பலித்துவிடுகிறது.

‘பத்து ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன், ஒன்றும் நேர்ந்ததில்லையே!’ என்பார் சிலர். தர்க்கம் பயின்றவர்கள் இதை அனுமானமாக ஏற்கமாட்டார்கள். புகை இருக்குமிடத்தில் நெருப்பு தவறாமல் இருப்பது போன்ற தொடர்பு, பேசுவதற்கும் பத்திரமாக வீடு சேர்வதற்கும் இடையே இல்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனை முறை எதிரே வந்தவர் பிரேக்கை மிதித்தார், எத்தனை முறை ஒரு கிழவி பின்வாங்கி நின்றாள் என்ற கணக்கு அவரிடம் இல்லை. பிறருடைய கவனத்தால் பிழைத்தவர், அந்தக் கடனை அறியாமலேயே தம் திறமையை மெச்சிக்கொள்கிறார்.

மறுமுனையில் இருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. வண்டியில் அருகே அமர்ந்து பேசுபவர், லாரி ஒன்று குறுக்கே திரும்பினால் தாமாகவே பேச்சை நிறுத்துவார். தொலைவில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. ஆனால் ஹாரன் சப்தம் கேட்கும். அதைக் கேட்டதும், “வண்டி ஓட்டுகிறாயா அப்பா? வீட்டுக்குப் போய்ப் பேசு” என்று தொடர்பைத் துண்டிக்கும் தாய்மார்கள் உண்டு. “இரு, இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று தொடர்பவர்களும் உண்டு.