தன் கையொப்பமும் பிறர் வக்காலத்தும்

'வக்கீல்' என்னும் சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. ஒருவர் தம் காரியத்தைப் பிறரிடம் ஒப்படைக்க, அதனை ஏற்றுக்கொள்பவரே வக்கீல். நீதிமன்றக் கறுப்பு அங்கிக்கே உரியதாக இன்று கருதப்படும் அச்சொல், நம் நிகாஹ் மஜ்லிஸிலும் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வந்து சபையில் உரைப்பவரையும் நாம் வக்கீல் என்றே அழைக்கிறோம்.

கடல் கடந்து வாழும் நம் மக்களின் இல்லறத்தில் இவ்வக்கீல் மற்றொரு முறையும் வந்து நிற்கிறார். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் தம் மனைவியையோ கணவரையோ அந்நாட்டுக்கு அழைத்துக்கொள்ள மனுச் செய்கையில், வழக்கறிஞரை அமர்த்துவதா, தாமே எழுதுவதா என்னும் கேள்வி எழுகிறது. பலர் இதனைப் பணக் கணக்காகவே பார்க்கின்றனர். இதில் அறக் கணக்கும் உண்டு என்பதே நம் கருத்து.

சட்டத்தின் நிலையை முதலில் நோக்குவோம். படிவம் ஐ-130 என்னும் மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் அளிப்பதற்கு வழக்கறிஞர் தேவை என்று எவ்விதியும் இல்லை. படிவமும் அதன் விளக்கக் குறிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தாளில் அளித்தால் கட்டணம் 675 டாலர்; கணினி வழியாயின் 625 டாலர். வழக்கறிஞரின் ஊதியம் இதற்குப் புறம்பானது. மனுதாரரின் குடியுரிமைச் சான்று, திருமணச் சான்று, முந்தைய மணம் இருந்திருப்பின் அது முடிவுற்றதற்கான சான்று, இல்வாழ்க்கை மெய்யானதே என்று காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். சிக்கலற்ற குடும்பத்தில், பொறுமையும் கவனமும் உடையவர் செய்யக்கூடிய பணியே இது.

படிவத்தின் இறுதியில் மனுதாரர் இடும் கையொப்பம் சாதாரணமானதன்று. பொய்யுரைத்தால் தண்டனைக்கு உட்படுவேன் என்னும் உறுதிமொழியின் கீழ் அது இடப்படுகிறது. வழக்கறிஞரே எல்லாவற்றையும் நிரப்பித் தந்தாலும், அவ்விடத்தில் மனுதாரரே கையொப்பம் இட வேண்டும். குடியேற்றச் சட்டத்தை ஏய்ப்பதற்கென்றே மணம் புரிவோருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது.

ஃபிக்ஹு கற்றோருக்கு இது புதுமையன்று. கொடுக்கல் வாங்கலிலும் நிகாஹிலும் வக்காலத்தை அனுமதித்த இமாம்கள், சத்தியம் செய்வதில் அதனை அனுமதிக்கவில்லை. ஒருவருக்காக மற்றொருவர் நிலம் வாங்கலாம். அவருக்காகச் சத்தியம் செய்ய இயலாது. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் பத்திரத்தைப் பற்றிக் கூறுகையில், பொறுப்பு எவர் மீது உள்ளதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. கடனைப் பற்றிய விதியாயினும் அதன் கருத்து இங்கும் பொருந்தும். ஆகவே வழக்கறிஞரை அமர்த்துபவரும் படிவத்தை வரிக்கு வரி படித்தறியும் கடமையிலிருந்து நீங்குவதில்லை.

இவ்வாய்மை சிறு செய்திகளிலேயே முதலில் சோதிக்கப்படுகிறது. 'முஹம்மது' என்னும் திருப்பெயர் ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், கடவுச்சீட்டில் வேறு விதமாகவும், ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் இருத்தல் கூடும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் மற்றோரிடத்தில் பிற்பெயராகவும் நிற்கும். நிகாஹ் நடந்த நாள் ஒன்றாகவும், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அது பதிவான நாள் மற்றொன்றாகவும் இருக்கும். இவற்றையெல்லாம் ஒன்றாக்கிக் காட்டினால் வேலை எளிதாகுமே என்று மனம் சொல்லும். அதற்குச் செவிசாய்த்தல் ஆகாது. வழங்கிய வேறு பெயர்களை எழுதப் படிவத்திலேயே இடம் உண்டு. வேறுபாட்டை ஒரு தாளில் விளக்கி இணைக்கவும் தடையில்லை. தமிழ் மூலத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பவரும், பெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது, தமக்கு அதற்குரிய தகுதி உண்டு என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவரும் ஒரு சாட்சியே.

இதுவரை தன்முயற்சியின் பக்கம் நின்று பேசினோம். மறுபக்கத்தையும் பார்ப்பது நீதி. மனுவில் பிழை நேர்ந்தால் துன்புறுபவர் யார்? எழுதியவர் தம் வேலையில் தொடர்ந்து இருப்பார், காத்திருப்பவர் துணைவர். தன் பொருளை இடர்ப்பாட்டில் வைத்துத் துணிவது ஒன்று. பிறர் வாழ்வை வைத்துத் துணிவது வேறொன்று. துணைவரின் மனு நம் கையில் உள்ள அமானத். அவரைக் கலந்து, நிலைமையை விளக்கி, அவர் சம்மதம் பெற்ற பின்னரே 'நாமே எழுதுவோம்' என்னும் முடிவு அறமாகும்.

சில நிலைகளில் அம்முடிவு அறியாமையின் துணிவாகிவிடும். சான்றாக, அமெரிக்காவில் அனுமதியின்றி 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கி வெளியேறியவருக்கு 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டும் மறுநுழைவுத் தடை உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி இது. இதனை அறியாமல் நேர்காணலுக்கென்று நாட்டை விட்டுப் புறப்படுபவர், புறப்பட்டதாலேயே தடைக்கு ஆளாகலாம். முன்பு நாடு கடத்தப்பட்டவர், கைதானவர், முன் மனுவில் தவறான தகவல் தந்தவர் ஆகியோருக்கும் வழக்கறிஞர் இன்றியமையாதவர். வறியோருக்கு உதவ, அந்நாட்டு நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களும் உள்ளன.

வக்காலத்து யாரிடம் என்பதும் கருதத்தக்கது. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'நோட்டாரியோ' எனப்படுபவர் சட்டம் கற்ற உயர் அலுவலர். அமெரிக்காவின் நோட்டரியோ கையொப்பத்தைச் சான்றளிப்பவர் மட்டுமே. இச்சொல் மயக்கத்தைப் பயன்படுத்தி ஏழைகளின் பணத்தைப் பறித்தோர் பலர். தகுதியற்றவரிடம் ஒப்படைப்பதினும் தாமே எழுதுவது மேல்.

மற்றொன்றும் உண்டு. மனுவை அடுத்து வரும் ஐ-864 என்னும் ஆதரவுப் பிரமாணத்தில், துணைவரை வறுமைக் கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் பராமரிப்பதாக மனுதாரர் உறுதியளிக்கிறார். துணைவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறத்தாழ 10 ஆண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும்வரை, அல்லது அவர் அந்நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்கும் வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும் வரை இக்கடமை நிற்கும். மணமுறிவு அதனை முடிப்பதில்லை! மஹர் தொகையைச் சபையில் உரக்கச் சொல்லி ஏற்கும் நாம், இவ்வாக்குறுதியை மட்டும் படியாமல் ஒப்பமிடுவது எவ்வாறு பொருந்தும்?

இறுதியாக, காகிதங்களை வைத்திருப்பவரிடம் அதிகாரமும் சேர்கிறது. 'என் மனுவால்தான் நீ இங்கே இருக்கிறாய்' என்று சொல்லி மனைவியை அச்சுறுத்தும் கணவர் சிலரும் உண்டு. அத்தகைய கொடுமைக்கு ஆளானவர் கணவரின் துணையின்றித் தாமே மனுச் செய்யும் உரிமையை 1994ஆம் ஆண்டின் சட்டம் அந்நாட்டில் அளித்தது. நம் பெண்மக்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். தாமே மனு எழுதும் கணவர், ஒவ்வொரு தாளின் படியையும் மனைவியின் கையில் கொடுத்துவிடுவாராக.

எனவே, வழக்கறிஞர் இன்றி எழுதுவது தகும். உண்மையை அறிந்து, துணைவரின் சம்மதம் பெற்று, சிக்கல் ஏதுமில்லை என்று தெளிந்த பின்னர். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தகுதியுடைய வக்கீலை நாடுவதே அமானத்தைப் பேணுவதாகும். எவ்வழியை மேற்கொள்ளினும், கையொப்பமும் அதற்குரிய பதிலும் நம்முடையவையே.