கொஞ்சம் மருந்து போதும் என்றால்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் முதலில் எழும் கேள்விகள் இரண்டு: எங்கே காட்டுவது, எவ்வளவு ஆகும். சதை டெஸ்ட் முடிவையும் ஸ்கேன் படங்களையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகிறோம். கரண்ட் வைக்க வேண்டுமா, கீமோ போதுமா என்று அங்கே சொல்வார்கள். உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றை எதிர்க்கும் இம்யூனோதெரபி என்ற பேச்சை மட்டும் மருத்துவர் தயங்கித்தான் எடுப்பார். விலையையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

புற்றுநோய்க்கான எக்ஸோசோம் ஆய்வுகளைப் படிக்கும்போது அந்தத் தயக்கம்தான் நினைவில் நிற்கிறது. உயிரணுக்கள் வெளியே விடும் நுண்பைகள் இவை. நூறு நானோமீட்டர் பைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் அடங்கிவிடும். 1983-இல் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களில் இவற்றைக் கண்டபின், உயிரணு வேண்டாததைக் கழித்துக்கட்டும் வழி என்றே நெடுங்காலம் கருதினார்கள். ஓர் உயிரணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புவதும் இவற்றின் வழியே என்பது பிறகுதான் புலப்பட்டது. புற்றுக்கட்டியும் அப்படி அனுப்புகிறது. எதிர்ப்பணுக்களை அடக்கும் பி.டி.எல்-1 புரதத்தை இந்தப் பைகளின்மேல் ஏற்றித் தொலைவிலுள்ள காவலையும் அது முடக்குகிறது என்று 2018-இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே பையில் மருந்தை ஏற்றிக் கட்டிக்கே அனுப்புவது இன்றைய முயற்சி. மருந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தால் கொஞ்சமே போதும் என்பது இதன் நம்பிக்கை.

கொஞ்சமே போதும் என்பது நமக்குச் சின்ன விஷயமில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16 விழுக்காடு. ஊசியும் போட்டவர்களில் 43. பணமில்லாதவரை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை அது. எக்ஸோசோம் ஆய்வில் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்? உயிரணுக்களை வளர்த்து, பைகளைப் பிரித்து, தூய்மைப்படுத்தி, மருந்தேற்றும் செலவே இந்தச் சிகிச்சையை எட்டாக்கனி ஆக்கிவிடக்கூடும். 2023-இல் அனுமதி பெற்ற நம் நாட்டு கார்-டி சிகிச்சை (நோயாளியின் எதிர்ப்பணுக்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்துவது), வெளிநாட்டு விலையோடு பார்த்தால் மிக மலிவு. ஆனாலும் முதலமைச்சர் காப்பீட்டின் 5 லட்ச ரூபாய் வரம்பை எங்கோ தாண்டி நிற்கிறது.

புற்றுநோய்க்கென எக்ஸோசோம் மருந்து எதுவும் இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. செலுத்திய பைகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஒரே தரத்தில் நிறையத் தயாரிப்பதும் கடினம். அதற்குள் எக்ஸோசோம் ஊசி என்று விற்கக் கிளம்பிவிட்டார்கள்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-லேயே மக்களை எச்சரித்தது. ஆண்டிமடத்தில் ஒருவர் முந்திரிக்காட்டை அடகு வைத்து அந்த ஊசியைத் தேடிப் புறப்பட்டால், உட்கார வைத்துப் பேசி, பாதியில் நிற்கும் கீமோவை முடிக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது ஊருக்கு வரும் செவிலியராகத்தான் இருக்கும்; அவருக்கு இதையெல்லாம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.