வள்ளியின் பிறந்தகம்

கொழும்பில், கொம்பனித்தெரு கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். அவர் சந்நிதியில் தீபாராதனை நடக்கும்போது என் மனம் பல நேரம் வள்ளியிடம்தான் போய் நிற்கும். அவள் வேடர் குலத்துப் பெண். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி விரட்டியவள். அவளைத் தேடிக் காட்டுக்குப் போன முருகன் அங்கே அதிகாரம் காட்டவில்லை. கிழவனாய்ப் போய்த் தேனும் தினைமாவும் கேட்டுக் கையேந்தினான். அவளுடைய உறவினர் வந்தபோது வேங்கை மரமாய் ஒதுங்கி நின்றான். அண்டமெல்லாம் ஆள்பவன், பிறர் வாழும் காட்டுக்குள் இப்படித்தான் நுழைந்தான்.

வள்ளியைத் தேடி முருகன் போவது கதிர்காமத்தில் இன்றும் விழாவாக நடக்கிறது. ஆடி உற்சவ இரவுகளில் சுவாமியின் யந்திரம் யானைமேல் ஏறி வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும். அவளை வரச் சொல்வதில்லை, அவர்தான் போகிறார்.

அவளுடைய உறவினரான வேடர் இன்றும் இலங்கையில் வாழ்கிறார்கள். தம்பானைக் காட்டில் செங்குத்துப் பாறையில் கொடியேணி கட்டி இறங்கி, புகை மூட்டி மலைத்தேன் எடுத்தவர்கள். இறந்த உறவினர் ஆவிகளாய்த் துணை நிற்கிறார்கள் என்று நம்பி, அவர்களை அழைத்துக் காணிக்கை வைப்பவர்கள். காடு அவர்களுக்கு உணவு தந்தது. மூதாதையரும் அங்கேயே இருந்தார்கள். 1983இல் மகாவலித் திட்டத்தோடு அந்தக் காட்டின் பெரும்பகுதி மாதுறு ஓயா தேசிய பூங்காவானது. அதன்பின் அங்கே வேட்டையும் தேனெடுப்பும் குற்றம். பலர் குடியேற்றக் கிராமங்களுக்குப் போனார்கள். அவர்களின் தலைவர் உருவரிகே திசாஹாமி போகவில்லை. 1998இல் கண்மூடும்வரை தம்பானையை விட்டு அகலவில்லை. அந்த உறுதியை நான் தவம் என்றே நினைக்கிறேன்.

மிருகங்களுக்கும் காவல் வேண்டும், உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு எந்தக் காவல் நிறைவாகும்? இருந்த இடத்தை விட்டுப் போகச் சொன்னால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை, குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட கொம்பனித்தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2020இல் திசாஹாமியின் மகன் வன்னில அத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். ரம்பகன் ஓயாப் பக்கம் தம் மக்களின் காட்டைச் சோளப் பயிருக்காக அழிப்பதை நிறுத்தக் கேட்டார். முன்பு பாதுகாப்பின் பெயரால் ஒரு காட்டை அவர்களுக்கு மறுத்தார்கள்; பிறகு இன்னொரு காட்டில் பயிருக்காக இயந்திரங்கள் இறங்கின. வள்ளிக்குப் பட்டுச் சாத்தி மகிழும் நமக்கு இதில் ஒரு வலியும் இல்லையென்றால், நம் பக்தியில் எங்கோ குறை இருக்கிறது.

கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். முருகனை அவர்களும் கும்பிடுகிறார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் அந்தக் கரையோரமாகத்தான் நடக்கிறார்கள். அந்த ஊர்களில் ஒரு பொழுது தங்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகலாம். கந்தன் காத்திருப்பான்.