மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

போன மாதம் தோழி ஒருத்தி தன் சிறுகதையை வாசிக்கக் கொடுத்தாள். படித்துவிட்டு, "ஏதோ சரியில்ல" என்றேன். "எங்க சரியில்லன்னு சொல்லு" என்றாள். "அது சொல்லத் தெரியல, ஆனா சரியில்ல." அவள் கதையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒன்று தவறு என்று தெரிந்தால் போதுமா, எங்கே தவறு என்று காட்டவும் வேண்டுமா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி ஓர் எண்ணோடு சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

147,573,952,589,676,412,927. இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண். 1644இல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இருநூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெயர் அதற்கு இருந்தது. 1876இல் எதுவார் லூக்கா, இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எதனால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவருடைய முறை எண்ணை உடைத்துப் பார்ப்பதில்லை. பகா எண்ணாக இருந்தால் கணக்கு இப்படித்தான் முடிய வேண்டும்; அப்படி முடியவில்லை, அவ்வளவுதான். நகை காணாமல் போனது தெரியும், திருடன் யாரென்று தெரியாது என்பது போல.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் அந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். பக்கத்தில் 193,707,721 × 761,838,257,287 என்று எழுதிப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், சபை கைதட்டியது. எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். எரிக் டெம்பிள் பெல் பல வருடம் கழித்து எழுதிய கதை இது, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். பெருக்கலுக்கு மெருகு தேவையில்லை. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

லூக்காவுக்குப் பிறகு, 27 வருடம் கழித்து, கோல் புதிதாக என்ன சொன்னார்? இன்று கணினி கண் இமைப்பதற்குள் இதை உடைத்துவிடும். அப்போ அந்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூக்கா சொல்வதை ஏற்க அவருடைய கணிதம் தெரிய வேண்டும், இல்லையென்றால் அவரை நம்ப வேண்டும். கோலை யாரும் நம்ப வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் தெரிந்தால் போதும். கஷ்டத்தையெல்லாம் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சரிபார்க்கும் உரிமையை அவர் நம்மிடம் கொடுத்துவிட்டார். எதிரில் இருப்பவருக்குக் காட்டும் மரியாதை என்று இதைத்தான் சொல்வேன்.

தோழியிடம் பேசியபோது நானும் லூக்கா மாதிரிதான் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவரிடம் நிரூபணம் இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் உணர்வு. கதைக்கு வாய்ப்பாடு கிடையாது, கோல் மாதிரி பலகையில் எழுதிக் காட்ட முடியாது, சரி. ஆனால் எந்தப் பத்தியில் எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு என்று விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். அவளும் அதை வாசித்துவிட்டு, "இல்ல, நீ தப்பா படிச்சிருக்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பையும் நான் கொடுக்கவில்லை.

கதையை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.