பறப்பதா, நிறுத்துவதா?

கோத்தா திங்கியிலிருந்து பந்தி மலையை நோக்குவோர், காலையில் தெளிவாய்த் தோன்றிய சிகரம் பிற்பகலில் மேகத்துள் மறைவதைக் கண்டிருப்பர். தரையில் நிற்பவர்க்கு இஃது அழகு. சிறு விமானத்தைத் தாமே ஓட்டுபவர்க்கோ எச்சரிக்கை. கண்ணால் கண்டே வழியறிந்து பறப்பவன் மேகத்துள் புகுந்தால், மேலெது கீழெது என்னும் உணர்வே அவனை ஏமாற்றிவிடும்.

பிழைப்புக்காகப் பறப்பவரைப் பற்றி நாம் ஈண்டுப் பேசவில்லை. இன்பத்திற்காகப் பறப்பவர், தம்மையொத்தார் வீழ்ந்து மாண்டதைக் கேட்ட பின்னரும் பறத்தல் தகுமா என்பதே வினா.

"எல்லாம் தலைவிதி" என்பர் நம்மவர் பலர். சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டால் போதுமென்பர். அங்ஙனமாயின் எண்ணெயை அளப்பானேன்? வானிலையைக் கேட்பானேன்? விதியை நம்புவோன் எவ்விபத்திலிருந்தும் ஒன்றும் கற்கான்.

1908 செப்டம்பர் 17-இல் அமெரிக்காவில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் வீழ்ந்தது. உடனிருந்த செல்ஃபிரிட்ஜ் என்னும் இராணுவ அதிகாரி மாண்டார், ஆர்வில் கடுங்காயமுற்றார். விசிறியின் அலகு பிளந்ததே காரணமென ஆராய்ந்து கண்டனர். குறையைத் திருத்திய பின், 1909-இல் அவர் அதே இடத்தில் மீண்டும் பறந்தார். எனினும் சகோதரர் இருவரும் ஒருங்கே பறப்பதில்லையெனத் தந்தைக்கு வாக்களித்திருந்தனர். 1910-இல் ஒரே ஒருமுறை அவரது இசைவுடன் சேர்ந்து பறந்தனர். துணிவும் பொறுப்பும் பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்தியப் பெண்களில் விமானமோட்டத் தொடக்கத்திலேயே உரிமம் பெற்றவருள் ஒருவராகப் போற்றப்படும் சரளா துக்ரால், 1936-இல் பறந்தார். 1939-இல் விமானியாகிய கணவரை விபத்தில் இழந்தார். அதன் பின்னும் பயிற்சியைத் தொடர முயன்றார். போர் குறுக்கிடவே அது நின்றது. அவர் ஓவியம் கற்று வேறொரு வாழ்வு அமைத்தார். பறத்தலை விட்டதனால் அவர் பெருமை குன்றிற்றா? இல்லையன்றோ!

ஆகவே, தொடர்வது வீரமுமன்று, நிறுத்துவது கோழைத்தனமுமன்று. எத்துணைக் காத்தாலும் அபாயம் சிறிது எஞ்சும். அதைத் தம்மை நம்பி வாழும் மனைவி மக்களிடம் மறைப்பது அறமன்று. பிறர் வீழ்ந்த காரணத்தை அறிந்து தம்மிடம் திருத்தினோமா? மேகங் கண்டால் நண்பர் நகைப்பினும் திரும்புவோமா? வீட்டாரிடம் உண்மையை உரைத்தோமா? இம்மூன்றிற்கும் ஆமெனக் கூற வல்லார் பறக்கட்டும். மாட்டாதார் இன்றே நிறுத்துக.

தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிடும் நம் இளைஞர்க்கும் இவ்வினாக்களே உரியவை. சிந்திப்பார்களாக!