நிமிடத்துக்கு ஒரு கேள்வி

நீட் தேர்வில் கேள்விகள் 180, நேரம் 180 நிமிடம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தப்பானால் 1 கழியும். மொத்தம் 720. இதில் ஒரு பிள்ளை எவ்வளவு எடுத்தது என்பதை வைத்து, அதற்கு மூளை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்.

அந்தத் தேர்வு எதையுமே அளக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை ஊன்றிப் படித்திருக்க வேண்டும். படித்தது நினைவில் நிற்க வேண்டும். எதை எழுதுவது, எதை விடுவது என்று பதறாமல் முடிவெடுக்க வேண்டும். எல்லாம் உழைப்பால் வருபவை, மரியாதைக்குரியவை. அவற்றுக்கு அறிவு என்று பெயர் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில், முன்பே பிளஸ் டூ முடித்து மறுபடி முயன்றவர்கள் 2016-17-இல் சுமார் 12 சதவீதம். நீட் வந்த பிறகு, 2020-21-இல் அது 71 சதவீதம். ஓராண்டு கோச்சிங் போய்வந்த பிள்ளை பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறது. அந்த ஓராண்டில் புது மூளையா முளைத்தது? பயிற்சி கூடியது. அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டி, சம்பாதிக்காத பிள்ளையை இன்னொரு வருடம் உட்கார வைத்துச் சோறு போட ஒரு குடும்பத்தால் முடிந்தது. மதிப்பெண்ணில் அந்தக் குடும்பத்தின் வசதியும் சேர்ந்தே பதிவாகிறது.

என் அக்கா மகள் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாய்தளத்தில் கோளமும் வளையமும் ஒன்றாக உருண்டால் எது முதலில் கீழே வரும் என்றொரு கேள்வி. “ஃபார்முலா தெரியும் மாமா. ஆனா ஏன்னுதான் புரியல” என்றாள். பரீட்சை அட்டையைச் சாய்த்துவைத்து, தம்பியின் கோலிக்குண்டையும் தன் வளையலையும் உருட்டிப் பார்த்தாள். குண்டு ஜெயித்தது. கனமான வளையலை எடுத்தாள், மெல்லிய வளையலை எடுத்தாள், எப்போதும் குண்டுதான். எடையில் விஷயம் இல்லை, அது எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது; வளையலுக்கு எல்லாம் விளிம்பில் இருப்பதால் சுழல்வதற்கே அதிக ஆற்றல் செலவாகிறது என்று அவளே கண்டுபிடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அன்றைய மாக் டெஸ்ட் அப்படியே கிடந்தது. “ஒரு கேள்வியிலேயே உட்கார்ந்துடாதே, அடுத்ததுக்குப் போ” என்று கோச்சிங்கில் சொன்னார்களாம். தேர்வுக்கு அது சரியான அறிவுரை. ஆனால் நோய் பிடிபடாத ஒரு நோயாளியின் முன்னால், அடுத்த ஆளைக் கூப்பிடாமல் உட்கார்ந்து யோசிக்கிற டாக்டரைத்தான் நான் தேடுவேன்.

அரியலூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். அதே 2017-இல் நீட்டில் அவருக்குக் கிடைத்தது 86. சில மாத இடைவெளியில் ஒரே பெண்ணுக்கு இரண்டு எண்கள். இரண்டாவது எண் மருத்துவக் கனவை மூடியது, அவரை இழந்தோம்.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை 1926-இல் உருவாக்கியவர் கார்ல் பிரிகாம். முதல் உலகப்போர் காலத்து ராணுவ அறிவுத்தேர்வுகளை வைத்து, இன்ன இனத்தார் அறிவில் உயர்ந்தவர், இன்னார் தாழ்ந்தவர் என்று 1923-இல் புத்தகமே எழுதியவர். 1930-இல் அந்த முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே எழுதினார். பள்ளிப் படிப்பும் குடும்பச் சூழலும் ஆங்கிலப் பழக்கமும் கலந்ததுதான் மதிப்பெண் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். தேர்வை உண்டாக்கியவரே சொல்லி இத்தனை காலமாகியும் நம் காதில் ஏறவில்லை.

2024-இல் சுமார் 24 லட்சம் பேர் நீட்டுக்குப் பதிவு செய்தார்கள். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். வரிசைப்படுத்த ஏதோ ஒரு வழி வேண்டும்தான். பிளஸ் டூ மதிப்பெண்ணும் அப்படியொரு வழிதான், அதுவும் அறிவை அளப்பதில்லை. எந்த வழி நியாயம் என்று அரசுகளோடு வாதாடுவோம், வாதாடத்தான் வேண்டும். வீட்டுக்குள் செய்ய வேண்டியதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையிடம் “இந்தத் தடவை இடம் கிடைக்கல” என்று மட்டும் சொல்லுங்கள். “உனக்கு அவ்வளவுதான் மூளை” என்று சொல்லாதீர்கள். சொந்தக்காரர் யாராவது சொன்னால், பிள்ளையின் எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள்.