வரவும் செலவும் தம்மமும்





பௌர்ணமிதோறும் நாம் ஒன்றுகூடிச் சரணமும் பஞ்சசீலமும் ஏற்கின்றோம். ஏற்ற சீலத்தை விகாரத்தில் காப்பது எளிது. வீட்டில் காப்பதே அரிது. அதிலும் மாதத்தின் கடைசி வாரத்தில், அரிசிப் பானையின் அடி தெரியும்போது, நம் சீலம் எத்தகையது என்பது நமக்கே விளங்கிவிடும். ஆதலின் இன்று இல்லறத்தாரின் வரவு செலவைக் குறித்துப் பகவன் புத்தர் அருளியவற்றைச் சிறிது சிந்திப்போம்.

கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்னும் இல்லறத்தான் ஒருவன் பகவானை அணுகினான். தாங்கள் மனைவி மக்களோடு வாழ்கின்றவர்கள், சந்தனமும் மாலையும் அணிகின்றவர்கள், பொன்னையும் வெள்ளியையும் கையாளுகின்றவர்கள் என்று கூறி, தங்களைப் போன்றோர்க்கு ஏற்ற தம்மத்தை உபதேசிக்குமாறு வேண்டினான். பகவான் அவனை இல்லம் துறந்து வா என்று பணித்தாரில்லை. இம்மை நலத்திற்கு நான்கு வழிகளை எடுத்துரைத்தார். ஊக்கத்தோடு உழைத்தல், உழைத்துப் பெற்றதைக் காத்தல், நல்லோரோடு நட்புக் கொள்ளல், சமஜீவிதம் என்பன அவை.

சமஜீவிதமாவது யாது? தராசு பிடிப்பவன் எத்தட்டு தாழ்கிறது, எத்தட்டு உயர்கிறது என்று அறிவது போல, இல்லறத்தான் தன் வரவையும் செலவையும் அறிந்து வாழ்தலாம். வரவு சிறிதாயிருக்கச் செலவைப் பெருக்குவோன், ஒரு சில பழங்களைத் தின்பதற்காக அத்தி மரத்தையே உலுக்கி எண்ணற்ற கனிகளை மண்ணில் உதிர்ப்பவனுக்கு ஒப்பாவான். பெரும் பொருள் இருந்தும் உண்ணாது வாடுபவனும் பகவானால் புகழப்படவில்லை. ஊதாரித்தனம் ஒரு கோடி, கஞ்சத்தனம் மறுகோடி. இரண்டுக்கும் நடுவே செல்வது மத்திம மார்க்கம்.

அதே உபதேசத்தில் ஏரி ஒன்றையும் அவர் உவமை காட்டினார். நீர் வரும் வாய்க்கால் நான்கு, நீர் போகும் மதகு நான்கு. வாய்க்காலை அடைத்து மதகைத் திறந்து வைத்தால் ஏரி வற்றும். தகாத காமம், குடி, சூது, தீயோர் நட்பு ஆகிய நான்குமே செல்வம் வெளியேறும் மதகுகள். பேத்தமங்கலம் ஏரியின் நீரைக் குடித்து வளர்ந்த தங்கவயல் மக்களுக்கு இவ்வுவமையை விளக்கவும் வேண்டுமோ? மதுக்கடை என்னும் மதகு திறந்திருக்கும் வீட்டில், மனைவியை நோக்கிச் சிக்கனம் பேசும் கணவனுக்கு அவ்வுரிமை இல்லை. சிகாலனுக்கு உரைத்த உபதேசத்தில் பகவான் கணவனின் கடமைகளாகக் கூறியவற்றுள் இரண்டை நினைவிற் கொள்க: இல்லத்தின் அதிகாரத்தை மனைவியிடம் ஒப்புவித்தல், அவளுக்கு அணிகலன் அளித்தல். கூலி முழுவதையும் அவள் கையில் கொடாதவன் முதற் கடமையிலேயே தவறுகின்றான்.

அணிகலன் என்றதும் நம்மூர் மண்மேடுகள் நினைவுக்கு வருகின்றன. 1880-ஆம் ஆண்டு முதல் 2001-ஆம் ஆண்டு வரை இவ்வூர்ப் பாறையைக் குடைந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோர் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கி உழைத்தனர். பாறைத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மாண்டோர் பலர். தங்கம் எங்கெங்கோ சென்றது. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சயனைட் மண் நமக்கு எஞ்சியது. காற்றுக் காலத்தில் அம்மண் நம் பிள்ளைகளின் சோற்றில் வந்து விழுகின்றது.

இதுவே சார்பின் தோற்றம் என்னும் தம்மத்தின் கண்கண்ட உரை. எப்பொருளும் தானாகத் தோன்றுவதில்லை. ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றுகின்றது. கடையில் பளபளக்கும் பண்டம் ஒவ்வொன்றின் பின்னும் எங்கோ ஓர் ஊரில் இத்தகைய மேடு ஒன்று உயர்கின்றது. அம்மேட்டின் அடியில் குடியிருப்போரும் நம்மைப் போன்ற உழைப்பாளரே. ஆதலின் வேண்டாத பொருளை வாங்காது விடுவது பணப்பையைக் காப்பது மட்டுமன்று; முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் மேல் நாம் செலுத்தும் மைத்திரியுமாகும்.

இங்கே ஒரு கேள்வி எழும். "விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்பும் நாங்கள் எதைக் குறைப்பது? இல்லாதவனுக்கா இந்த உபதேசம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வறுமையைப் பேறு என்று புத்தர் புகழ்ந்தாரில்லை என்பதைப் பாபாசாகேப் அம்பேத்கர், 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். ஆளவி நகரில் ஏழை உழவன் ஒருவன், காணாமற்போன எருதைத் தேடியலைந்து, பசியோடு உபதேசம் கேட்க வந்தான். பகவான் அவனுக்காகக் காத்திருந்து, முதலில் அவனுக்கு உணவளிக்கச் செய்து, அதன் பின்னரே தம்மம் உரைத்தார் என்று தம்மபதத்தின் உரை கூறுகின்றது. பசித்த வயிற்றைச் சுருக்குவது சிக்கனமன்று. குறைந்த கூலியைக் கேள்வி கேளாது ஏற்பதும் தம்மமன்று. நியாயக் கூலிக்குக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆயினும் கூலி உயரும் வரையில், கையில் வந்த சிறு பொருள் கண்மூடித்தனமாகக் கரையாமல் காப்பதும் நம் கடமையே.

அதற்கு வழி எது? பிக்குகள் உணவு, உடை, உறையுள், மருந்து என்னும் நான்கையும் பயன்படுத்தும்போது, இஃது எதற்காக என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இல்லறத்தாரும் அக்கேள்வியைக் கேட்கலாம்.

உணவு உடலைக் காப்பதற்கு. கோலார் மண்ணில் விளையும் ராகிக்கு நெல்லைப்போல் மிகுந்த நீர் வேண்டியதில்லை. ராகிக் களியும் கொள்ளும் கீரையும், உறையில் அடைத்த தின்பண்டத்தினும் பலம் தருவன. பருப்பை முன்னரே ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் எரிவாயு மிஞ்சும். அரிசி களைந்த நீரைக் கொல்லைச் செடிக்கு ஊற்றலாம். காய்கறித் தோலை மட்கவிட்டால் அதுவே எருவாகும். நாளைக்கு வேண்டியதை இன்றே அளந்து சமைத்தால் குப்பைக்குச் சோறு போகாது.

உடை குளிரையும் வெயிலையும் தடுப்பதற்கு, நாணத்தைக் காப்பதற்கு. கோசம்பியில் உதயண மன்னனின் அந்தப்புர மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தனர். இத்தனை ஆடையும் எதற்கென்று மன்னன் வினவினான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்றார் தேரர். பழைய ஆடைகள் மேல்விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அது நைந்தால் கால் துடைக்கும் துணி, பின்னர்த் தூசி தட்டும் துணி. இறுதியில் துண்டு துண்டாக்கிச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகப்படும். இதைக் கேட்டு மகிழ்ந்த மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகளை ஈந்தான். நம் பாட்டிமார் பழஞ்சேலையைத் தூளியாகவும், பின்பு மெத்தை விரிப்பாகவும், பின்பு கரித்துணியாகவும் ஆக்கியது இதே நெறியன்றோ? அவர்கள் செய்ததை வறுமையின் அடையாளம் என்று எண்ணி நாணுவது நம் அறியாமை.

உறையுள் மழையையும் வெயிலையும் காப்பதற்கு. 60 வாட் குண்டு விளக்கு ஒன்று நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் முப்பது நாளில் 9 யூனிட் மின்சாரம் செலவாகும். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. சொட்டும் குழாயின் கீழ் இரவில் ஒரு குடத்தை வைத்து, விடிந்ததும் பாருங்கள். பழுதுபார்க்கும் செலவைக் குறித்த தயக்கம் நீங்கும்.

மருந்து நோயைத் தீர்ப்பதற்கு. இதில் மட்டும் கையை இறுக்க வேண்டாம். ஜன் ஔஷதி கடைகளில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைப்பதை விசாரித்து வாங்குங்கள். ஆனால் பிள்ளையின் காய்ச்சலை நாளைக்கென்று தள்ளாதீர்கள். பிறவற்றில் மிச்சம் பிடிப்பதே இதற்காகத்தான்.

இனிக் கடனைப் பற்றி ஒரு சொல். அநாதபிண்டிகனுக்குப் பகவான் இல்லறத்தாரின் நான்கு இன்பங்களை உரைத்தார்: பொருள் உடைமை, அதை அனுபவித்தல், கடனின்மை, குற்றமற்ற வாழ்வு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்கித் திருவிழாவுக்குத் துணி எடுத்தால், ஓராண்டு வட்டி மட்டும் 3,600 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். துணி நைந்த பின்னும் கடன் புதிதாகவே இருக்கும். பிள்ளை கேட்பதை மறுக்க மனம் வராத தாய்க்குச் சொல்கின்றேன்: அம்மா, வட்டிக்காரன் வாசலில் நின்று குரலுயர்த்தும் நாளில் அப்பிள்ளை காணும் உங்கள் முகத்தைவிட, இன்று நீங்கள் கூறும் "வேண்டாம் கண்ணே" என்னும் சொல் இனியது. காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தின் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று அறிந்து வளரும் பிள்ளை தராசு பிடிக்கக் கற்கும்.

சிகாலனுக்குப் பகவான் பொருளை நான்கு பங்காக்கச் சொன்னார்: ஒரு பங்கு அனுபவிக்க, இரு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஆபத்துக் காலத்துக்கு. நம்மில் பலரால் இன்று அவ்வாறு பகுக்க இயலாது. நாளொன்றுக்குப் பத்து ரூபாயேனும் ஆபத்துப் பங்கென்று ஒதுக்குங்கள். ஓராண்டில் அது 3,650 ரூபாய். மேலே சொன்ன வட்டிக்கு ஏறத்தாழ ஈடான தொகை! வட்டிக்காரனிடம் போகும் பணம் உங்கள் வீட்டிலேயே தங்கும்.

மிச்சம் பிடித்ததில் ஒரு கைப்பிடி, இல்லாத அண்டை வீட்டாருக்கும் உரியது. தானத்தில் முடியாத சிக்கனம் கஞ்சத்தனமாய் உறைந்துவிடும். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வையுங்கள்; அடுத்த பௌர்ணமிக்கு அதை விகாரத்துக்குக் கொண்டு வாருங்கள். வேலையிழந்த குடும்பம் ஒன்றின் அடுப்பு அதனால் எரியும்.

உங்கள் இல்லங்கள் கடனின்றி விளங்குக! மண்ணும் நீரும் மாசின்றி நிலவுக! உயிர்கள் யாவும் நலமுறுக!

சாது! சாது! சாது!